ஒற்றை ஆட்டத்தை வைத்து எடை போடலாமா?

முன்கள வீரன் பத்து நிமிடம் சொதப்பினால் போதும், பத்து வருட உழைப்பும் மறந்துபோகும். தென் கொரியாவின் ஹ்வாங் சுன் ஹோங் அளவுக்கு இதை அனுபவித்தவர்கள் குறைவு.

1994 உலகக் கோப்பையில் பொலிவியாவுக்கு எதிராகக் கைக்கெட்டிய வாய்ப்புகளை அவர் கோட்டைவிட்டார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. அடுத்து ஜெர்மனிக்கு எதிராக ஒரு கோல் அடித்தும் வசவு ஓயவில்லை. பிரான்சில் நடந்த 1998 உலகக் கோப்பை தொடங்கும் தறுவாயில், சீனாவுடனான நட்பு ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டது. பிரான்சுக்குப் போயும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. வேறொருவராக இருந்தால் அத்தோடு ஒதுங்கியிருப்பார். அவரோ மறு ஆண்டே ஜப்பான் லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஆனார்.

2002 ஜூன் 4, பூசான். போலந்துடன் ஆட்டம். 26-வது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து லீ உல் யோங் தட்டிவிட்ட பந்து, தரையில் விழும் முன்பே ஹ்வாங்கின் இடது காலில் பட்டு வலைக்குள் பாய்ந்தது. அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடியும் கொரியா ஒன்றில்கூட வென்றதில்லை. 33 வயதில் அந்த முதல் வெற்றிக்கு வழி திறந்தவர், எட்டு ஆண்டுகள் ஏச்சு வாங்கிய அதே மனிதர்.

பயிற்சியாளரான பிறகு அவர் செய்த பெரிய காரியம் 2013-ல் நடந்தது. பணம் சுருங்கியதால், அவர் பயிற்றுவித்த கொரிய லீக் அணியான போஹாங்கில் ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லை. உள்ளூர் பையன்களை வைத்தே, சின்னச் சின்ன பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டினார். லீக்கின் கடைசி நாளில் உல்சானுடன் நேரடி மோதல். பட்டத்துக்கு உல்சானுக்கு டிரா போதும். போஹாங்குக்கு வெற்றியே வேண்டும். காயத்துக்கான கூடுதல் நேரத்தில், கோல்முகத்து நெரிசலில், கிம் வோன் இல் என்ற தற்காப்பு வீரர் பந்தை உள்ளே தள்ளினார். லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் கொரிய அணி அது. கோல் சுமை முழுவதையும் ஒற்றை ஆள் தலையில் ஏற்றாத அணி. சுமந்து களைத்தவருக்கே அப்படி ஓர் அணியைக் கட்டத் தோன்றும் என்று நம்புகிறேன்.

2023-ல் கொரிய இளையோர் அணியின் பயிற்சியாளராக ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். ஆறே மாதம் கழித்து, இந்தோனேசியாவிடம் பெனால்டியில் தோற்று ஒலிம்பிக் வாய்ப்பு போனது. மறுபடியும் வசவு. ஆனால் சில வாரங்களிலேயே, கடைசி இடங்களில் தத்தளித்த டேஜியோன் அணியை ஏற்று, முதல் பிரிவிலிருந்து இறங்காமல் காப்பாற்றினார்.

தோல்வியை விமர்சிக்க ரசிகர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு மாலைப்பொழுதைக் காட்டி ஒருவரின் கதையை முடித்துவிட உரிமை இல்லை. 1994-லேயே கொரியா இவரைத் தூக்கி எறிந்திருந்தால், பூசானில் அந்தப் பந்துக்குக் கால் நீட்ட ஹ்வாங் இருந்திருக்க மாட்டார்.