பேரை அழிச்சா போதுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பெண் தொழிலாளர்களின் ரத்தசோகை, மாதவிடாய்க் கோளாறு பத்தி ஆய்வு பண்ண இளம் டாக்டர்கள் ஆர்வமா வர்றாங்க. நல்ல விஷயம். ஆனா டேட்டா எங்க இருக்கு? சொந்த லேப்டாப்ல, எக்செல் ஷீட்டா. "பேரை எடுத்துட்டோம் சார்"ங்கறாங்க.

போதாதுங்க. வயசு 22, ஊர் ஜார்க்கண்ட், இன்ன ஹாஸ்டல், நைட் ஷிப்ட், 10 வாரக் கர்ப்பம். வார்டனுக்கு ஆளைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா?

தெரிஞ்சா என்னன்னு கேக்காதீங்க. இங்க இருக்கற ஃபாக்ஸ்கான் ஆலையில ஐபோன் அசெம்ப்ளி வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்கறாங்கன்னு 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கர்ப்பம்ங்கற ஒரு வரி இங்க வேலை சம்பந்தப்பட்டது.

பிரிட்டன்ல 2020 கொரோனா நேரத்துல 'ஓப்பன்சேஃப்லி' கொண்டுவந்தாங்க. என்ன கேள்வி, எதுக்குன்னு விண்ணப்பம் போடணும். அனுமதி கிடைச்சாலும் நோயாளிப் பதிவு நம்ம கைக்கு வராது. நம்ம ப்ரோகிராம்தான் அங்க போய் ஓடும். விடையையும் சரிபார்த்து, சின்ன எண்ணிக்கைகளை மறைச்சுதான் வெளிய விடுவாங்க.

அந்த ஃபார்மை வெட்டி வேலைன்னு சலிச்சுக்கறவங்க உண்டு. எனக்கு அது எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குச் சமம். நம்ம மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொதுவா இப்படி ஒரு பூட்டின சர்வர் வேணும்.

அதுவரைக்கும் ஹாஸ்டல் பேரை ஷீட்ல ஏத்தாதீங்க. ஷீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பவே அனுப்பாதீங்க.