ஷூவுக்கு மேக்கப் போதுமா?

கேம்பஸ் இன்டர்வியூ சீசனில் எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். காலை எட்டரை மணி. ஒரே ஒரு லிக்விட் பாலிஷ் பாட்டில் பத்துப் பேர் கை மாறுகிறது. ஸ்பாஞ்சால் நாலு இழுப்பு, அதுவும் புழுதியின் மேலேயே! ஷூ பளபளக்கிறது, பையனும் பளபளக்கிறான். சாயங்காலம் அதே ஷூ, வியர்வையில் நனைந்த சாக்ஸை வயிற்றில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடுத்த இன்டர்வியூவுக்குத்தான் வெளியே வரும்.

இதற்குப் பெயர் பராமரிப்பாம். இல்லை, இது வெறும் மேக்கப்.

தோல் என்பது கொலாஜன் நார்களின் பின்னல். அந்த நார்கள் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் பதனிடும்போதே எண்ணெய் ஏற்றுகிறார்கள். எண்ணெய் வற்றினால் தோல் விறைக்கும், விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும். லிக்விட் பாலிஷ் மேலே ஒரு படலம் போடுமே தவிர, உள்ளே போய் இந்தக் குறையைத் தீர்க்காது. மடிப்பில் அந்தப் படலம் உடைந்ததும் அதன் மேலேயே இன்னொரு கோட்!

மழையில் நனைந்த ஷூவுக்கு நடப்பது இன்னும் கொடுமை. மொட்டை மாடி வெயிலில் வைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஹேர் டிரையர் பிடிக்கிறார்கள். ஈரத்தோலைச் சூடு சுருக்கிவிடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் இன்னும் மோசம், உள்ளே பூஞ்சை பூத்துவிடும்.

சரியான வழி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. முதலில் பிரஷ்ஷால் புழுதியைத் தட்ட வேண்டும், பிறகு லேசான ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த பின் கிரீமை மிகக் கொஞ்சமாகத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்க்க வேண்டும். நனைந்து போனால் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில், ஃபேன் காற்றில் விட்டால் போதும். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் வியர்வை காயும். வாரத்துக்கு அரை மணி நேரம் கூட ஆகாது.

"இவ்வளவு எதற்கு? கிழிந்தால் புதுசு வாங்கிக்கொள்ளலாமே" என்பவர்கள் அந்தத் தோல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் எடுத்துக்காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். 2025-லும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. ஓர் ஆற்றையே விலையாகக் கொடுத்துச் செய்த பொருளை ஒரே வருடத்தில் குப்பையில் எறிவதற்குப் பெயர் வசதி இல்லை, திமிர்.

அப்படியென்றால் ரெக்சின் ஷூ வாங்கலாமா? அது உரிய ஆரம்பித்தால் எந்தக் கிரீமும் காப்பாற்றாது. மண்ணில் மக்கவும் செய்யாது.

உண்மையான காரணம் நேரமோ காசோ இல்லை. பைக்கை மணிக்கணக்கில் துடைக்கும் கை, சொந்த ஷூவைத் தொடக் கூசுகிறது. தோலையும் செருப்பையும் தொடுவது "கீழான" வேலை என்று தலைமுறை தலைமுறையாக ஊட்டி வைத்திருக்கிறார்களே, அந்தச் சாதிப் புத்திதான் காரணம். பிய்ந்த சோலைத் தைத்து ஷூவுக்கு இன்னும் இரண்டு வருட ஆயுள் தருபவர் பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். மாலில் எம்.ஆர்.பி.யைப் பேசாமல் கொடுப்பவர்கள் அவரிடம்தான் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். அவரிடம் கூலி குறைக்கும் முன், அந்த ஊசியைத் தோலில் ஒரு முறை குத்திப் பார்க்கட்டும்.

சொந்தக் காலில் நிற்க வேலை தேடுகிறவர்கள், முதலில் அந்தக் காலில் இருக்கும் ஷூவைத் தங்கள் கையாலேயே துடைக்கட்டும்.