சேலத்து நிலத்துக்கும் கணக்கு வேண்டும்

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம், ஓமலூர், மேட்டூர் வட்டாரங்களில் தரை அதிர்ந்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ரிக்டர் அளவில் 3.3 என்று அறிவிக்கப்பட்டது. பெரிய சேதம் இல்லை என்றதும் பேச்சும் அடங்கிவிட்டது. பேச்சு அடங்கலாம், அளப்பது அடங்கக் கூடாது.

நிலத்தின் நகர்வை அளப்பது என்றாலே இமயமலையும் பனியாறுகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் மலைச்சரிவிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து 200 பேருக்கு மேல் பலிகொண்டன. அந்தச் சரிவையும் அதைத் தொடர்ந்த வெள்ளத்தையும் சுற்றுவட்டார நில அதிர்வுமானிகள் பதிவு செய்திருந்தன. அந்தப் பதிவுகளை உடனுக்குடன் படிக்க ஏற்பாடு இருந்திருந்தால் கீழே இருந்தவர்களை எச்சரித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் அனுப்பிய நைசார் செயற்கைக்கோள், பனியாறு ஊர்வதையும் தரை உயர்ந்து தாழ்வதையும் 12 நாளுக்கொரு முறை ரேடாரால் அளக்கும் திறன் கொண்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே செயற்கைக்கோள் சேலத்தின் மேலும் நாமக்கல்லின் மேலும் பறக்கிறது. அதன் படங்களோடு ஒத்துப் பார்க்க இங்கே தரையில் நாம் என்ன வைத்திருக்கிறோம்?

இமயம் எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதே தெற்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. தீபகற்பம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் 1990களிலிருந்து இயங்கும் ஜிபிஎஸ் நிலையம் அதைப் பதிவு செய்கிறது. மொத்தமாக நகரும் இந்தத் தெற்குத் தட்டோடு ஒப்பிட்டால்தான் வடக்கில் மலை மடிவது கண்ணுக்குத் தெரியும். ஒப்பிடும் அடிப்படையே உள்ளுக்குள் சிறிது வளைந்தால் கணக்கும் பிசகும். எனவே சேலத்துப் பாறையை அளப்பது சேலத்தாருக்கு மட்டுமான வேலையல்ல.

நம் மாவட்டங்களின் அடியில் இருப்பதும் ஒரே துண்டான பாறை அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய பழைய பெயர்ச்சி மண்டலங்கள் பவானி, மேட்டூர், ஆத்தூர், காவிரிக் கரை வழியாக ஓடுகின்றன. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் குப்பத்திலிருந்து பழனி வரை வெடிவைத்து, அதிர்வலைகள் திரும்பி வருவதைக் கொண்டு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆழம் வரை இந்த ஒட்டுகளை ஆராய்ந்தது. பழைய ஒட்டு மீண்டும் அசையுமா என்பதைத் தொடர்ந்து அளக்காமல் சொல்ல முடியாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த நடுக்கம் ஏறத்தாழ 6 அளவு. 1993 செப்டம்பர் 30 அன்று பூகம்பத்தில் சுமார் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மகாராஷ்டிராவின் கில்லாரி, அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்த ஊர். 2002 தரக்குறியீட்டில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. இந்த வரிசையைப் பார்த்தபின், தென்னாட்டில் பூகம்பம் வராது என்று இன்னும் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

மேட்டூர் அணையால் நிலம் நடுங்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1934 முதல் 93 டிஎம்சி அளவுக்கு நீர் ஏறி இறங்கும் இடம் அது. 1967இல் மகாராஷ்டிராவின் கொய்னா அணைப் பகுதியில் நேர்ந்த பூகம்பத்துக்குப் பிறகு, பெரிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி அடர்த்தியாக அதிர்வுமானி வைப்பது எளிய முன்னெச்சரிக்கை.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. பலத்த சத்தம் கேட்டு ஜன்னல் அதிர்ந்தால், அது குவாரி வெடியா, ஜெட் விமானமா, நில அதிர்வா என்று யாருக்கும் நிச்சயமில்லை. வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும். பூகம்பத்தின் முதல் அலை சில திசையில் தள்ளும், சில திசையில் இழுக்கும். சுற்றிலும் பல கருவிகள் இருந்தால் இந்த வேறுபாடு தெரியும். கூடவே ஒவ்வொரு குவாரியும் வெடிவைத்த நேரத்தையும் மருந்தின் எடையையும் அன்றன்றே பொதுப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். இதைக் குவாரி உரிமத்தின் நிபந்தனையாக்குவதில் மாவட்ட நிர்வாகங்களுக்கு என்ன தயக்கம்?

அதிர்வோடு நகர்வையும் அளக்க வேண்டும். நில அளவைப் பணிக்காக நிறுவப்பட்ட கோர்ஸ் (CORS) எனப்படும் நிலையங்கள் ஏற்கெனவே இரவும் பகலும் செயற்கைக்கோள் சிக்னல்களைப் பதிவு செய்கின்றன. பட்டா எல்லைக்குச் சென்டிமீட்டர் துல்லியம் போதும். நிலத்தட்டின் உள்வளைவுக்கு அது போதாது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத அசைவைப் பிரித்தறிய, பாறையில் நேரடியாக ஊன்றிய தூணும் பத்து, இருபது ஆண்டு விடாத பதிவும் வேண்டும். தொடங்காமல் விட்ட ஆண்டைப் பிறகு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. மண் மூடாத கெட்டிப் பாறை சேலம், நாமக்கல்லில் தாராளமாக இருக்கிறது. ஆழத்தில் கருவி இறக்கத் துளை வேண்டுமென்றால், நாடு முழுக்க ரிக் வண்டி ஓட்டும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அது ஒரு வேலையே அல்ல. பதிவுகளைப் படித்துப் பழகப் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் மாணவர்கள் இருக்கிறார்கள்.

மேட்டூர், ஏற்காடு, சங்ககிரி, கொல்லிமலை ஆகிய நான்கு இடங்களிலாவது அதிர்வுமானியும் ஜிபிஎஸ் தூணும் ஒன்றாக நிற்கும் நிலையங்களை மத்திய புவி அறிவியல் அமைச்சகமும் தமிழக அரசும் சேர்ந்து அமைக்க வேண்டும். கோர்ஸ் நிலையங்களின் மூலப்பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். இதற்கான தொகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே, ஒரு முறைச் செலவாக இல்லாமல் இருபது ஆண்டுப் பராமரிப்போடு சேர்த்து ஒதுக்க வேண்டும்.