மூலம் எங்கே இருக்கிறது?

கூத்து ஏட்டில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது என்பர் ஒரு சாரார். கலைஞன் தன் விருப்பப்படி வெட்டலாம், ஒட்டலாம் என்பர் மறு சாரார். பாடசாலைப் போட்டிக் காலம் வந்துவிட்டால் இவ்விரு குரல்களும் கவிஞர் நீலாவணன் பிறந்த பெரியநீலாவணைவரை எட்டிவிடுகின்றன. இரு சாராரையும் நாம் ஒன்றே கேட்கிறோம்: நீங்கள் கூறும் மூலம் எங்கே இருக்கிறது?

ஏட்டில் இருப்பன விருத்தமும் தருவும் வசனமும். அரசன் எப்படி அடிவைத்து வரவேண்டும், மத்தளம் எங்கே விரைந்து எங்கே தணியவேண்டும் என்பவற்றை ஏடு முழுமையாகச் சொல்வதில்லை. அவை அண்ணாவியாரின் கையிலும் காலிலும் வாழ்கின்றன. விடியவிடிய ஆடும் வட்டக்களரியில் ஆடுவோரின் மூச்சறிந்து பாட்டை நீட்டுபவரும் குறுக்குபவரும் அவரே.

இசையைத் துல்லியமாகத் தாளில் எழுதும் மேனாட்டிலாவது இச்சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. எழுதியதை எழுதியபடி வாசித்தால் போதும், வியாக்கியானம் வேண்டாம் என்று ஸ்திராவின்ஸ்கி தமது 1939–40 ஆர்வார்ட் விரிவுரைகளில் வாதிட்டார். ஆனால், 1910 இல் அச்சான 'மூழ்கிய தேவாலயம்' என்ற தமது பியானோ உருப்படியைத் தெபுசி தாமே வாசித்துச் சுருளில் பதித்தபோது, அச்சில் குறிக்கப்படாத இடங்களில் வேகத்தை இரட்டித்தார். அச்சை மட்டும் நம்பி வாசித்தவன் யாரைப் பின்பற்றினான்?

அப்படியாயின் வெட்டுவோர் கட்சி வென்றதா? அதுவுமில்லை. தெபுசி தாம் படைத்ததன் உள்ளறிந்து வாசித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடையில் ஏற்றினார். வட்டக்களரி போயிற்றே என்ற குறை நியாயமானதே. ஆயினும், மாணவர் ஆட்டம் பயின்றது மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம். பின்னாளில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கியபோது, மாற்றம் களரியில் நிற்கும் ஊராரிடமிருந்தே எழவேண்டும் என்றனர். இவ்விரு வழிகளுக்கும் இடையே பிணக்கு உண்டு. எனினும், இரண்டிலும் அண்ணாவியார் வெளியே நிறுத்தப்படவில்லை.

நாம் காணும் போட்டிப் பயிற்சிகள் சிலவற்றில் நடப்பது வேறு. தாளக்கட்டு பிள்ளைகளின் வாயில் ஏறுமுன்பே உடை தைத்தாகிவிடுகிறது. எந்தத் தருவை விடுவது என்பதைக் கடிகாரம் வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். அண்ணாவியாரோ கடைசி வாரத்தில் மத்தளம் அடிக்க அழைக்கப்படுகிறார். ஏட்டைக் காப்போரும் அவரைக் கேட்பதில்லை; ஏட்டை வெட்டுவோரும் கேட்பதில்லை. உழைப்பவனை ஒதுக்கிவிட்டு அவன் விளைவுக்கு உரிமை கொண்டாடும் பழைய வழக்கமே இது. ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு உடந்தையாக இருந்திருக்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. சட்டம் கொடுக்கும் நாளிலிருந்தே அண்ணாவியார் ஆசானாக அமரட்டும். அவருக்கு உரிய ஊதியம் கிடைக்கட்டும். பிள்ளைகள் ஒருமுறையேனும் முழுக் கூத்தையும் களரியில் காணட்டும். அதன்பின் எதை வைப்பது, எதை விடுவது என்பதை அவரும் அவர்களும் கூடி முடிவுசெய்யட்டும்.

ஏட்டை அலுமாரியில் பூட்டிக் காக்கலாம். அண்ணாவியாரின் அறிவு அவரோடு மண்ணுக்குப் போனபின், நாம் எந்த மூலத்தைப் பின்பற்றுவோம்? எந்த மூலத்தை மீறுவோம்?