கம்பி கழற்றிய அன்று சிகிச்சை முடிவதில்லை



பிள்ளைகளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கும் பெற்றோருக்கும், எங்கள் சக ஆசிரியர்களுக்கும் ஒரு விஷயம்.

அக்குறணை, மடவளைப் பக்கமிருந்து பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போய்வர அரை நாளுக்கு மேல் போய்விடும். நாலு முதல் எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை, அநேகமாக ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு இந்த அலைச்சல். ஆரம்பத்தில் உம்மாமார் தவறாமல் கூட்டிப் போவார்கள். பிறகு நோன்பு வரும், பரீட்சை வரும், வீட்டில் கல்யாணம் வரும். கிளினிக் திகதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஓ.எல். நெருங்கும்போது கிளினிக்கை நிறுத்திய ஒரு பிள்ளையை எங்களுக்குத் தெரியும். கம்பி வாயிலேயே இருந்தது. பரீட்சை முடிந்து போனபோது பற்களில் வெள்ளைத் தழும்புகள். இரண்டு பல்லில் சூத்தை. கம்பியைச் சுற்றி அழுக்கு எளிதில் தங்கும். கவனிக்க ஆளில்லாத கம்பி பல்லை வேண்டாத பக்கமும் இழுக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, கம்பி கழற்றிய பிறகு நடப்பது. "வேலை முடிஞ்சுது" என்று நினைக்கிறோம். பல் சுவரில் அடித்த ஆணி அல்ல. நகர்ந்த இடத்தில் எலும்பு இறுக மாதங்கள் எடுக்கும். முரசிலுள்ள நார்கள் ஒரு வருஷம் வரைகூடப் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதைத் தடுக்கத்தான் ரிட்டெய்னர் தருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதை இடைவேளையில் டிஷூவில் சுற்றி வைத்து, சோற்றுப் பார்சல் தாளோடு சேர்த்து வீசிவிடுகிறார்கள். சிலர் சுடுதண்ணியில் கழுவி வளைத்துவிடுகிறார்கள். வெட்கத்தில் வீட்டில் சொல்வதுமில்லை.

இதில் ஆசிரியர்களாகிய எங்கள் பங்கும் உண்டு. "கிளினிக்கா, ஊர் சுத்தவா?" என்று வகுப்புக்கு முன்னால் கேட்டிருக்கிறோம். அப்படிக் கேட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை போகுமா? கிளினிக் அட்டையைப் பார்த்து லீவு கொடுப்போம். தவறிய பாடக் குறிப்பைக் கொடுக்க ஒரு கூட்டாளியை ஏற்பாடு செய்வோம்.

நாட்கூலிக்குப் போகும் வாப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் பெரிது, மறுக்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால், ஒரே நாளில் திகதி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு உம்மா எல்லாரையும் கூட்டிப் போகலாம். போகவே முடியாவிட்டால் முன்கூட்டிச் சொல்லி வேறு திகதி எடுப்போம். தனியாரில் இலட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை இது. அரச வைத்தியசாலையில் எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த இடத்துக்காக இன்னொரு பிள்ளை வரிசையில் நிற்கிறது. அந்த இடமும் ஒரு அமானிதம்தான்.

இன்றிரவு ஒன்று செய்யுங்கள். கம்பி கழற்றிய பிள்ளை வீட்டில் இருந்தால் கேளுங்கள்: "மகள், ரிட்டெய்னர் எங்க?" பதில் வரத் தாமதமானால் ஏசாதீர்கள். நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் பேசுங்கள்.