ஆடிப் பாடிப் படிக்கட்டும்!

பள்ளிக்கூடம் என்றதும் பிள்ளை வயிற்றுவலி என்று ஏன் படுத்துக்கொள்கிறது? பிரம்புக்கும் மனப்பாடத்துக்கும் பயந்துதான்! 1995இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டைத் தாலுகாவில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், ஆந்திரத்து ரிஷிவேலியின் முறையைக் கண்டுவந்து, பாட்டும் கதையும் விளையாட்டு அட்டையுமாக ‘நலி கலி’யைத் தொடங்கினர். மகிழ்ந்து கற்றுக்கொள் என்று பொருள். அவரவர் வேகத்தில் படிக்கலாம். பிந்தியவனுக்கு ‘மக்கு’ப் பட்டம் கிடையாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளும், பிறகு தமிழகக் கிராமங்களும் இவ்வழி வந்தன. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது.

பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு ஜோகுபாளையத்தில் உழைக்கும் தோழர்களே! பொங்கலுக்குப் போகையில் பள்ளிக்கும் போங்கள். பாட்டும் பொம்மையும் வகுப்பில் இருக்கின்றனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று கேளுங்கள். கேட்பது பெற்றவரின் உரிமை, சலுகை அல்ல!