சிறுநீர்ப் பரிசோதனை: வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

எந்தப் பொருளையும் வாங்குமுன் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று விசாரிப்பவரே நல்ல வியாபாரி. மருத்துவப் பரிசோதனைக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆண்களுக்கு ஏற்படும் புரொஸ்டேட் புற்றுநோயைச் சிறுநீரில் தேடும் பரிசோதனைகள் மேலைநாடுகளில் விற்பனையாகின்றன. பிசிஏ3 எனும் மரபணுவின் தடயத்தைத் தேடும் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2012இல் அனுமதி வழங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழுவினர், இப்புற்றுநோயில் இரு மரபணுக்கள் ஒன்றிணைவதை 2005இல் கண்டறிந்தனர். அதன் வழியே உருவான பரிசோதனையின் 18 மரபணுக்களை அளக்கும் புதிய வடிவம் 2024இல் வெளியிடப்பட்டது. மகத்தான சாதனைதான்.

ஆனால் இங்கு விற்கப்படுவது எது? பிஎஸ்ஏ எனும் இரத்தப் பரிசோதனையின் அளவு, புற்றுநோயின்றிச் சுரப்பி வீங்கினாலும் கிருமி தொற்றினாலும் உயரும். அளவு 4க்கும் 10க்கும் இடைப்பட்டவர்களுக்கு ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே நோய் இருக்கும். மற்ற மூவரை அந்த ஊசியிலிருந்து காப்பதே சிறுநீர்ப் பரிசோதனையின் வேலை. பிசிஏ3க்குக் கிடைத்த அனுமதியும், முன்னர் ஊசிப் பரிசோதனை செய்து நோய் காணப்படாத 50 வயதைத் தாண்டியவர்களுக்கே. ஆகவே இது முதற்படியன்று, இடைப்படி.

அமெரிக்காவில் ஓர் ஊசிப் பரிசோதனை தவிர்க்கப்பட்டால் காப்புறுதிக் கம்பனிக்குப் பணம் மிச்சம். கிளிவெட்டியில் கணக்கு வேறு. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எமது கடைக்காரருக்கும் விவசாயிக்கும் நட்டம் வருவது தாமதத்தால்தான். ஆரம்பத்தில் இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. பின்னர் சிரமம் தோன்றினாலும் "வயசுக் கோளாறு" என்று வெட்கத்தால் மறைக்கிறோம். எலும்புக்குப் பரவியபின் மட்டக்களப்புக்கும் மஹரகமவுக்கும் அலையும்போது, துணைக்குச் செல்லும் மகனின் உழைப்பும் சேர்ந்து போகிறது.

எனவே, 50 வயதைக் கடந்தோரும், தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்நோய் வந்திருப்பின் அதற்கு முன்னரும், பிஎஸ்ஏ பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையை நிபுணர் கேட்டால் மட்டும் செய்யலாம். விளம்பரம் பார்த்து வாங்கும் பொருளல்ல அது. மூதூர் வைத்தியசாலையில் இதற்கென ஒரு கிளினிக் நாள் ஒதுக்குமாறு எமது வர்த்தக சங்கங்கள் சுகாதாரத் திணைக்களத்தைக் கோருமாயின், அதுவே இப்பிரதேசத்துக்கு இலாபமான முதலீடாகும்.